பெருந்துறைப் பொருளும் வந்தியின் பங்கும்: வாதவூரர் வரலாற்றில் அமைப்புசார் அறச்சிக்கல்

ஆய்வுச்சுருக்கம்

மாணிக்கவாசகர் பாண்டியனின் குதிரைப் பொருளைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டதாகப் புராணங்கள் கூறும் நிகழ்ச்சி, பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் பத்தி அல்லது பிழை என்ற அளவிலேயே பேசப்பட்டு வந்துள்ளது. அந்நிகழ்ச்சியைப் பதவி, ஏவல், கணக்கு, பங்கு ஆகிய அமைப்புக் கூறுகள் தோற்றுவித்த அறச்சிக்கலாகக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற்புராணம் முதன்மை ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது. குதிரை வாணிகம் பற்றிய வெளிநாட்டார் குறிப்புகளும் நிறுவன அறவியல் கருத்துகளும் துணையாகின்றன.

திறவுச்சொற்கள்: திருப்பெருந்துறை, வாதவூரர், குதிரை வாணிகம், பல கைகளின் சிக்கல், வந்தி, பங்கு.

களமும் கதையும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கியை அடுத்துள்ள ஆவுடையார்கோவில், இலக்கியங்களில் திருப்பெருந்துறை எனப் பெயர் பெற்ற ஊராகும். முன்னர்த் தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதி, 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. ஆத்மநாதசுவாமி கோயில் திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருந்து வருகிறது. தெற்கு நோக்கிய சந்நிதி, கொடிமரமும் நந்தியும் இன்மை, இலிங்கத் திருமேனி இல்லாது ஆவுடையார் மட்டும் அமைந்த கருவறை என இத்தலத்தின் தனித்தன்மைகள் பலராலும் எடுத்துரைக்கப்பட்டவை. புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே இங்கு இறைவனுக்கு நிவேதனம். ஆவி இறைவனுக்குச் சென்றபின் சோறு மனிதர்க்கு எஞ்சுகிறது. கொடுத்ததும் குறையாதிருப்பதுமான இந்த ஏற்பாடு, பொருளை ஒருவர்க்குக் கொடுத்தால் மற்றொருவர்க்கு இல்லையாகும் என்ற உலகியல் கணக்கிலிருந்து விலகி நிற்கிறது. வாதவூரரின் இடர் அவ்வுலகியல் கணக்கிலேதான் தொடங்குகிறது.

கதை தமிழறிந்தார் அனைவரும் அறிந்ததே. எனினும் எவர் எவரை ஏவினார், பொருள் எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது என்பவற்றை மட்டும் இங்கு நினைவுகூர்வது தேவையாகிறது. திருவாதவூரில் பிறந்து தென்னவன் பிரமராயன் என்ற சிறப்புப் பெயருடன் அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சராகத் திகழ்ந்தவர் வாதவூரர். குதிரைப்படை குன்றியது கண்ட மன்னன், கீழைக் கடற்றுறையில் வந்திறங்கிய குதிரைகளை வாங்கி வருமாறு கருவூலப் பொருளை அளித்து அவரை அனுப்புகிறான். பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவடிவில் எழுந்தருளிய இறைவன் அவரை ஆட்கொள்கிறான். கொண்டு சென்ற பொருள் திருப்பணிக்கும் அடியார்க்கும் ஆகிறது. உடன் சென்றோர் மதுரை மீண்டு செய்தி சொல்கின்றனர். ஓலை வருகிறது. ஆவணி மூலத்தன்று குதிரை வரும் என விடை செல்கிறது. நரிகள் பரிகளாகி வருகின்றன. இரவில் அவை மீண்டும் நரிகளாகிப் பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. வாதவூரர் வைகை மணலில் சுடுவெயிலில் ஒறுக்கப்பட, வைகை பெருக்கெடுக்கிறது. கரையடைக்கக் குடிகளுக்குப் பங்கு வகுக்கப்படுகிறது. பிட்டு விற்றுப் பிழைக்கும் ஆதரவற்ற மூதாட்டி வந்திக்கும் ஒரு பங்கு விழுகிறது. அவளுக்குக் கூலியாளாக வந்த இறைவன் வேலை செய்யாது விளையாட, மன்னன் பிரம்பால் அடிக்க, அவ்வடி எல்லார் மேலும் படுகிறது.

பரஞ்சோதி முனிவர் இதனை 58 முதல் 61 வரையிலான நான்கு படலங்களில், வாதவூரடிகளுக்கு உபதேசித்தது, நரி பரியாக்கியது, பரி நரியாக்கியது, மண் சுமந்தது என விரித்துள்ளார். அவருக்கு முற்பட்ட பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவாலவாயுடையார் திருவிளையாடற்புராணமும் (உ.வே.சாமிநாதையர் பதிப்பு, 1906), கடவுள் மாமுனிவரின் திருவாதவூரடிகள் புராணமும் இவ்வரலாற்றைக் கூறுவன. 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருப்பெருந்துறைப் புராணம் இயற்றினார். அந்நூல், அக்கோயில் நிர்வாகத்தைக் கவனித்துவந்த சுப்பிரமணியத் தம்பிரானின் வேண்டுகோளால் எழுந்தது என்பதை உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ வழி அறியலாம். கோயிற்பொருளுக்குப் பொறுப்பாளராயிருந்த ஒருவர், பொருட்பொறுப்பில் இடருற்ற ஒருவரின் தலத்துக்குப் புராணம் வேண்டினார் என்பது தற்செயலே ஆயினும் சுவையானது.

திருவாசகம் சொல்வதும் சொல்லாததும்

திருவாசகத்தின் அகச்சான்றுகளை முதலில் பிரித்தறிதல் வேண்டும். இறைவன் பாண்டியனுக்குப் பரிமா விற்றமை, நரியைப் பரியாக்கியமை, பிட்டுக்காக மண் சுமந்தமை, அரசனால் அடியுண்டமை ஆகியன அந்நூலில் பலவிடத்தும் சுட்டப்படுகின்றன. ஆனால் அரசன் அளித்த பொருளை அமைச்சர் வேறு வழியில் செலவிட்டார் என்ற செய்தி அந்நூலில் வெளிப்படையாக இல்லை. நான்காம் திருமுறையில் அப்பரின் திருவாரூர்ப் பதிகம் ஒன்று, நரியைக் குதிரையாக்கும் இறைவனைப் போற்றுகிறது. மாணிக்கவாசகர் கால ஆராய்ச்சியில் இருதரப்பாரும் எடுத்தாண்ட சான்று இது. கால முடிவு எதுவாயினும் ஒன்று புலனாகிறது. நரி பரியான அற்புதத்தைப் பாடுவதற்குக் கருவூலப் பொருள் பற்றிய செய்தி இன்றியமையாதது அன்று. அற்புதத்துக்குரிய காரணத்தைத் தேடிய புராண ஆசிரியர்களே அமைச்சுப் பதவி, பொருட்பொறுப்பு, ஓலை, தண்டனை, கரைப்பங்கு என்னும் அரசியல் ஏற்பாட்டை முழுமையாகக் கட்டி எழுப்பியுள்ளனர்.

எனவே இங்கு எழும் வினா, வரலாற்று மாணிக்கவாசகர் அவ்வாறு செய்தாரா என்பது அன்று. ஓர் அருளாளரின் வாழ்வை எழுதப் புகுந்தோர், அவரை ஏன் இத்தகைய பொறுப்புச் சிக்கலின் நடுவில் நிறுத்தினர், அச்சிக்கலை எதுவரை கொண்டு சென்றனர் என்பதே.

இதுகாறும் இக்கதைக்கு இருவகை வாசிப்புகள் நிலவுகின்றன. சமய மரபினர், அனைத்துப் பொருளும் இறைவனுடையதே ஆதலின் உரியவர்க்கே உரியது சென்றது என்பர். பகுத்தறிவு நோக்கினர், அரசுப் பொருளைக் கையாடிய செயலுக்கு அற்புதம் போர்வையாயிற்று என்பர். முடிவில் எதிரெதிராயினும் இவை இரண்டும் ஒரே இடத்திலேயே நிற்கின்றன. வாதவூரர் என்னும் ஒருவரின் செயல் சரியா தவறா என்பதோடு இரண்டும் நின்றுவிடுகின்றன. பரஞ்சோதியார் அங்கு நிற்கவில்லை. கதை பெருந்துறையிலிருந்து மதுரைக்கும், அமைச்சரிடமிருந்து பிட்டு விற்பவளிடமும் செல்கிறது. வாசிப்பும் அவ்வழியே செல்லுதல் முறை.

ஒப்படைத்தலும் கண்காணித்தலும்

திருக்குறளின் பொருட்பால், ஆளைத் தெரிதல் பற்றியும் வினையை ஒப்படைத்தல் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. தெரிந்து தெளிதல் அதிகாரம், ஆராயாது நம்புவதையும் நம்பியவனை ஐயுறுவதையும் ஒருசேரக் கடிகிறது. தெரிந்து வினையாடல் அதிகாரம், இன்ன வினையை இன்ன கருவியால் இன்னவன் முடிப்பான் என ஆராய்ந்தபின் அதனை அவனிடமே விட்டுவிடச் சொல்கிறது. அரிமர்த்தனன் இதற்கு மாறாக எதுவும் செய்யவில்லை. கற்றறிந்தவர், பதவியில் தேர்ந்தவர் எனக் கண்டே பொருளை அளித்தான். அதே அதிகாரத்தின் இறுதிக் குறளோ, வினைசெய்வான் கோடாதிருக்க மன்னன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்கிறது. ஒரே அதிகாரத்துள் விட்டுவிடுதலும் நாள்தோறும் நாடுதலும் இணைந்து நிற்கின்றன. உரைகாரர் இதனை முரணாகக் கொள்ளவில்லை. எனினும் மதுரைக்கும் பெருந்துறைக்கும் இடைப்பட்ட தொலைவில் நாள்தோறும் நாடுவது எங்ஙனம்? நம்பிக்கையும் கண்காணிப்பும் ஒரே அரண்மனைக்குள் ஒத்துச் செல்லலாம். தொலைவிடத்துக்கு ஆளையும் பொருளையும் அனுப்பும்போது அவற்றுள் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுகிறது.

அருத்தசாத்திரம் வேறு வழியைக் கொள்கிறது. கருவூலப் பொருள் களவுபோகும் வழிகள் 40 என எண்ணிக் கூறும் கௌடில்யர், ஒவ்வொரு துறையிலும் தலைவர் பலராக இருத்தல் வேண்டும், அவர் பதவி நிலையற்றதாக இருத்தல் வேண்டும் என்கிறார். நீருள் திரியும் மீன் நீர் குடிப்பதை அறிய இயலாமை போல, வினையில் அமர்த்தப்பட்டோர் பொருள் கவர்வதை அறிய இயலாது என்ற அவரது உவமை பெயர்பெற்றது. மனிதரை நம்பாது அமைப்பை நம்பும் முறை இது. புராணத்துப் பாண்டியனிடம் அம்முறை இல்லை. ஒருவர் கையில் முழுப்பொருள். உடன் செல்வோர்க்குப் பார்க்கவும் மீண்டு வந்து சொல்லவும் இயலும், தடுக்க இயலாது. அவர்கள் செய்ததும் அதுவே. இக்கதையை வாசிப்போர் அவர்களை எளிதில் மறந்துவிடுகின்றனர். உயரதிகாரி நெறி பிறழ்வதாகக் கருதும் கீழ்நிலையாளர் என் செய்வது என்ற வினா, இன்றைய நிறுவன அறவியலில் மிகப் பேசப்படுவது. பரஞ்சோதியார் அவர்களைக் காட்டிக்கொடுத்தோராகப் பழிக்கவில்லை. தம் கடமையைச் செய்தோராகவே கடந்து செல்கிறார்.

வாதவூரரின் நிலையோ இரட்டைக் கடப்பாடு. அமைச்சர் என்ற முறையில் மன்னனுக்கும், ஆட்கொள்ளப்பட்டவர் என்ற முறையில் குருவுக்கும் அவர் கட்டுப்பட்டவர். பதவியை முதலில் துறந்துவிட்டுப் பின் அடியாராகியிருப்பின் சிக்கல் இல்லை. ஆனால் பொருளை அவர் அடியார் என்ற முறையில் பெறவில்லை. அமைச்சர் என்ற முறையிலேயே பெற்றார். பெற்றது ஒரு நிலையில், செலவிட்டது மற்றொரு நிலையில். வினைத்தூய்மை அதிகாரம், பெற்ற தாயின் பசியைக் காண நேரினும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யற்க என வரையறுக்கிறது. நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும் வழி தூயதாக வேண்டும் என்பது அதன் கருத்து. அரசியலில் நன்னோக்குக்காக அறம் வழுவ நேர்வதை ‘அழுக்கான கைகள்’ என்ற பெயரால் மைக்கேல் வால்சர் 1973இல் ஆராய்ந்தார். அத்தகையோர் தாம் செய்தது குற்றம் என உணர்ந்தே செய்கின்றனர் என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. வாதவூரரிடம் அவ்வுணர்வு இல்லை. அவருக்கு நேர்ந்தது இரு கடமைகளுக்கு இடையிலான போராட்டமும் அன்று. ஒரு கடமை மற்றொன்றை முற்றாக மறைத்த நிலை. எனவே அவரது நெஞ்சுக்குள் அறச்சிக்கலைத் தேடுவோர்க்கு அங்கு எதுவும் கிடைப்பதில்லை. சிக்கல் அவருக்கு வெளியே, அவரை நம்பி இயங்கிய ஏற்பாட்டில் இருக்கிறது.

பெருந்துறைக் கொடுங்கை பற்றிய சிற்பியர் வழக்கு ஒன்றை இங்கு நினைக்கலாம். திருப்பணி ஒப்பந்தம் எழுதும் சிற்பியர், ஆவுடையார்கோயில் கொடுங்கை முதலியன நீங்கலாக வேறெதுவும் செய்து தருவோம் என எழுதிக்கொடுப்பர் என்பது செவிவழி மரபு. தம்மால் இயலாததை முன்னரே விலக்கிக்கொண்டு பொறுப்பேற்கும் தொழிலாளர் அறிவு அது. அமைச்சுப் பதவியில் அத்தகைய விலக்கு எழுதுவதற்கு இடமில்லை.

குதிரையும் கோயிலும்: தலைகீழான ஒரு சான்று

புராணத்தின் குதிரை வாணிகம் கற்பனையின் பாற்பட்டது மட்டும் அன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் கடற்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்வழி வந்த குதிரைகளுக்கு மன்னர் பெரும்பொருள் செலவிட்டமையையும், பேணத் தெரியாமையால் அவை விரைந்து மடிந்தமையையும் எழுதியுள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸாஃப், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்பும் ஏற்பாடு ஒன்றையும், குதிரை ஒன்றின் விலை 220 தினார் செம்பொன் என்பதையும் குறிப்பிடுகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலமே விலை தரவேண்டும் என்பது உடன்பாடு. இழப்பு நேரின் அது எவர் தலையில் விழும் என்பது வாணிகம் தொடங்குமுன்னரே முடிவு செய்யப்பட்டுவிட்டது.

புராணத்திலும் இதற்கிணையான கூறு உண்டு. குதிரைச் சேவகனாக வந்த இறைவன் கயிறு மாறிக் குதிரைகளை ஒப்படைக்கிறான். கயிறு மாறியபின் அக்குதிரைகளுக்கு எது நேரினும் விற்றவர்க்குப் பொறுப்பில்லை என்பது வணிக மரபு. அன்றிரவே அவை நரிகளாயின. வணிக முறைப்படி விற்றவனிடம் கேட்க வழியில்லை. எனவே தண்டனை, இடைநின்ற அமைச்சர் மேல் திரும்புகிறது. தெய்வமே வணிகனாயினும் கயிறு மாறும் விதி மாறவில்லை என்று புராண ஆசிரியர் கதையை நடத்தும் திறம் நோக்கத்தக்கது. இலாயத்துப் பழைய குதிரைகளோ எவ்விதப் பேரத்திலும் பங்கு கொள்ளாதவை. முதல் இழப்பு அவற்றின் மேல் விழுந்தது.

வஸாஃபின் மற்றொரு குறிப்பு மேலும் வியப்புக்குரியது. பாரசீக அதாபேகு அபூபக்கரின் காலத்தில், மாபார் உள்ளிட்ட துறைகளுக்கு 10,000 குதிரைகள், 22 இலட்சம் தினார் மதிப்பில் அனுப்பப்பட்டதாகக் கூறும் அவர், அத்தொகை கோயில்களுக்குரிய நிலங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றின் மிகுவருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த கணிகையர் மேல் விதிக்கப்பட்ட வரியிலிருந்தும் செலுத்தப்பட்டது என்றும், அரசின் பொதுக்கருவூலத்துக்கு அதனால் செலவில்லை என்றும் எழுதுகிறார். வெளிநாட்டார் கூற்று ஆதலின் எண்களை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆயினும் அக்கூற்றின் போக்கு சிந்தனைக்குரியது. புராணத்தில் குதிரைக்கென ஒதுக்கிய பொருள் கோயிலுக்குச் சென்றது. வஸாஃப் கூற்றில் கோயிலுக்கென எழுதிவைத்த பொருள் குதிரைக்குச் சென்றது. கோயிற் பண்டாரத்துக்கும் அரசுக் கருவூலத்துக்கும் இடைப்பட்ட சுவர் இருபுறத்தாராலும் கடக்கப்பட்டமையைத் தமிழகம் அறிந்திருந்தது. இப்பின்னணியில் வாதவூரர் கதையைக் கேட்டோர்க்கு அது விதிவிலக்கான ஒரு திருட்டாகவோ விதிவிலக்கான ஒரு தியாகமாகவோ தோன்றியிராது. தாம் அறிந்த ஒரு போக்கு எதிர்த்திசையில் நிகழ்ந்ததாகவே தோன்றியிருக்கும்.

அச்சுவர் பற்றிய வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. கோயில், மடம் ஆகியவற்றின் உபரி நிதியை வேறு அறங்களுக்குப் பயன்படுத்தும் முறையைத் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம் (1959ஆம் ஆண்டின் 22ஆம் சட்டம்) 36ஆம் பிரிவில் வகுத்துள்ளது. 2021இல் கோயில் நிதியிலிருந்து கலைக்கல்லூரிகள் தொடங்கியபோது சென்னை உயர்நீதிமன்றத்தில் எழுந்த வழக்குகள், நோக்கம் நன்று என்பது மட்டும் போதுமா, கொடுத்தவர் எதற்கெனக் கொடுத்தார் என்பதும் வேண்டுமா என்ற வினாவைச் சுற்றியே அமைந்தன. வாதவூரரிடம் பாண்டியன் கேட்டதும் இதுவே.

புராண ஆசிரியர்க்கும் இவ்வினா உறுத்தியிருத்தல் வேண்டும். மண் சுமந்த படலத்தின் முடிவில் ஒலிக்கும் வானொலி, மன்னனின் செல்வம் நெறிமுறையில் ஈட்டிய தூய பொருள் ஆதலின் அது இறைவனுக்கும் அடியார்க்கும் ஆயிற்று என்ற கருத்தில் அமைகிறது. அமைச்சரின் செயலுக்கு நியாயம், அமைச்சரின் பத்தியில் அன்று, மன்னனின் ஈட்டத்தில் காட்டப்படுகிறது. கொடையின் புண்ணியம் கொடுத்தவரை விட்டு உடையவரிடம் திரும்புகிறது. முறைப்படி நோக்கின் இது நுட்பமான தீர்வு: ஏவப்பட்டவரின் மீறல், ஏவியவரின் அறமாகப் பின்னோக்கி ஏற்கப்படுகிறது. ஆனால் அப்பொருளை வரியாகத் தந்த குடிகள் இத்தீர்வில் இடம்பெறவில்லை. அவர்கள் வைகைக் கரையில் மண் சுமந்துகொண்டிருந்தனர்.

கரைப்பங்கு

இக்கதையில் கொடியவர் எவரும் இலர். மன்னன் குடிகாக்கவே குதிரை வேண்டினான். அமைச்சர் தாம் மெய்யெனக் கண்டதற்கே பொருளை அளித்தார். உடன் சென்றோர் உண்மையே உரைத்தனர். தண்டலாளர் ஆணைப்படி ஒறுத்தனர். கரைவேலைக் கண்காணிகள் அளந்து பார்த்து, வந்தியின் பங்கு மட்டும் அடைபடவில்லை என்று உள்ளதை உள்ளவாறே சொன்னார்கள். ஒவ்வொருவரும் தத்தம் இருக்கையில் முறையாக நடந்தனர். விளைவோ, நரியால் கடிபட்ட குதிரைகளும், வெள்ளம் புகுந்த நகரும், சுமக்க இயலாத சுமை ஏற்றப்பட்ட ஒரு கிழவியும் ஆகும். பொது அலுவலர்களின் பொறுப்பை ஆராய்ந்த டென்னிஸ் தாம்சன், 1980இல் இதனைப் ‘பல கைகளின் சிக்கல்’ எனப் பெயரிட்டார். ஒரு விளைவுக்குப் பலர் பல வகையில் காரணமாகும்போது, எவர் மேலும் முழுக்குற்றம் சுமத்த இயலாது போகிறது என்பது அது.

வந்தியின் பங்கு தனியே நோக்கற்குரியது. கரையை அடைக்கக் குடிகள் அனைவர்க்கும் பங்கு வகுத்தல் மேலோட்டமாக நடுநிலையானது. எவர்க்கும் சலுகை இல்லை, எவர்க்கும் கூடுதல் இல்லை. ஆனால் ஆள்வலி உள்ள வீடும், பிள்ளையோ உறவோ இல்லாத பிட்டுக்காரியின் குடிலும் அப்பங்கேட்டில் ஒரே அலகு. சமமான விதி சமமற்றோர் மேல் விழும்போது அநீதியாகிறது. அவ்வநீதியைச் செய்தவர் எனக் கைகாட்ட எவருமில்லை. பங்கு எழுதியவருக்கு வந்தி ஒரு மூதாட்டி அல்லள், ஒரு பெயர்.

ஊர்ப்பொது நீர்ப்பணிக்கு உழைப்பை வாங்கும் வழக்கம் தமிழகத்தில் நெடியது. வெட்டி, அமஞ்சி போன்ற கல்வெட்டுச் சொற்கள் கூலியில்லா உழைப்பைக் குறிப்பன. 1858இல் சென்னை மாகாணத்துக்கென இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடைப்பினால் வெள்ளக்கேடு நேரும் நிலையில் ஊர்த்தலைவர் ஆள்களை அழைக்க வழிவகுத்தது. அச்சட்டத்தின் அழைப்பு, உடல்வலிமை உள்ள, உழைக்கும் வகுப்பைச் சார்ந்த ஆடவர்க்கே உரியது. அதன்படி வந்தி விடுபட்டிருப்பாள். மாறாக, கரை காக்கப்படுவதால் மிகுபயன் பெறும் நிலவுடைமையாளரும் விடுபட்டிருப்பர். பாண்டியனின் பங்கீடு வலியற்றோரைக் காணத் தவறியது. கும்பினியார் ஆட்சியின் கடைசி ஆண்டில் வந்த சட்டம் வலியுடையோரைக் காண மறுத்தது. முன்னதே மேலானது எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் முன்னதில் வந்திக்குத் தெய்வம் வரவேண்டியிருந்தது.

வந்தி இவ்விதியை எதிர்க்கவில்லை. ஆளின்றித் தவித்தவள், கூலி கொடுத்தேனும் தன் பங்கை அடைக்கவே முனைகிறாள். உதிர்ந்த பிட்டெல்லாம் கூலி என்பது அவளால் தரக்கூடிய எல்லை. வந்தவன் உண்கிறான், ஆடுகிறான், உறங்குகிறான். சோம்பல் என்று தோன்றும் இவ்விளையாட்டு, ஏவலுக்கு இசையாமை என்றும் கொள்ளத்தக்கது. மன்னனும் அமைச்சரும் கண்காணியும் வந்தியும் தத்தம் பங்கைச் செய்துகொண்டிருக்க, கதையில் பங்கைச் செய்ய மறுக்கும் ஒரே பாத்திரம் அக்கூலியாளே. அம்மறுப்பினால்தான் மன்னன் கரைக்கு வந்து, கணக்கில் ஒரு பெயராக இருந்ததை நேரில் காண்கிறான். கண்டதும் அவன் செய்தது பிரம்பை ஓங்கியது.

பிரம்படி

அடி எல்லார் மேலும் பட்டது. மன்னன் மேலும், அரசியர், அமைச்சர், படைவீரர் மேலும், இயங்குவன நிற்பன அனைத்தின் மேலும் பட்டதாகப் புராணம் பாடுகிறது. இறைவன் எங்கும் நிறைந்தவன் ஆதலின் அவன்மேல் பட்டது எங்கும் பட்டது என்பது சைவ மரபின் விளக்கம். அவ்விளக்கத்துக்கு ஊறின்றியே மற்றொன்றும் சொல்ல இடமுண்டு. ஐரிஸ் மேரியன் யங், தமது மறைவுக்குப்பின் 2011இல் வெளிவந்த நூலில், பொறுப்பை இருவகையாகப் பிரித்தார். குற்றவாளியைக் கண்டு ஒறுப்பது ஒன்று. அநீதி விளைவிக்கும் அமைப்பில் பங்குகொள்வோர் அனைவரும் அதனைத் திருத்தும் பொறுப்பை ஏற்பது மற்றொன்று. பிரம்பை ஓங்கிய மன்னன் முதல்வகையில் நின்றான். கடமை தவறிய கூலியாளை ஒறுக்க முனைந்தான். பிரம்பு விழுந்த இடமோ இரண்டாம் வகையைச் சார்ந்தது. கரை அடைபடாமைக்குக் காரணம் அந்த ஒருவன் அல்லன் என்பதை, ஓங்கியவன் முதுகிலேயே விழுந்த அடி உணர்த்துகிறது.

எனினும் யங் ஒன்றை வலியுறுத்துவார்: அனைவர்க்கும் பொறுப்புண்டு என்பதால் அனைவர்க்கும் ஒரே அளவு பொறுப்பு என்றாகாது, அதிகாரமும் பயனும் மிகுந்தோர்க்குப் பொறுப்பும் மிகும். புராணத்துப் பிரம்படியில் அவ்வேறுபாடு இல்லை. மன்னன் மேல் பட்ட அளவே மண் சுமந்த ஏழைக் குடிகள் மேலும் பட்டது. எல்லார்க்கும் ஒரே பங்கு என்ற கரைக்கணக்கின் பிழையை, எல்லார்க்கும் ஒரே அடி என்ற தண்டனைக் கணக்கு மீளவும் செய்கிறது. இதனைப் புராண ஆசிரியரின் குறையாகக் கொள்வதினும், கூட்டுப்பொறுப்பைப் பேசும் எந்த நூலும் எளிதில் வழுக்கும் இடமாகக் கொள்வதே பொருந்தும்.

அடுத்து நிகழ்வன விரைவானவை. ஒரு கூடை மண்ணில் கரை அடைகிறது. வந்தி சிவலோகம் அடைகிறாள். மன்னன் வாதவூரரை வணங்கிப் பொறுத்தருள வேண்டுகிறான். அவர் அமைச்சுப் பதவியை விட்டு நீங்குகிறார். முதலிலேயே துறந்திருக்க வேண்டிய பதவி, இத்தனை பேர் துன்புற்ற பின் துறக்கப்படுகிறது. மன்னிப்பு மன்னனிடமிருந்து அமைச்சருக்குச் செல்கிறது. அரண்மனையின் உறவு சீர்படுகிறது. கரைப்பங்கு வகுத்த முறை மாற்றப்பட்டதாகப் பரஞ்சோதியார் பாடவில்லை. வந்தியைப் போன்ற இன்னொருத்தி அவ்வூரில் இருந்திருப்பின், அடுத்த வெள்ளத்தில் அவள் பெயர்க்கும் ஒரு பங்கு எழுதப்பட்டிருக்கும்.

கதையின் நிலவியலிலும் இது பதிந்துள்ளது. பொருளின் பயன் பெருந்துறையில் நின்றது. அதன் சுமை மதுரையில் இறங்கியது. பெருந்துறையில் அன்னம் பெற்ற அடியாரும், வைகையில் மண் சுமந்த குடியும் கதையின் எவ்விடத்தும் சந்திப்பதில்லை. இன்று ஆவுடையார்கோவில் மண்டபத்தில் இறைவன் குதிரைச் சேவகனாகச் சிற்பவடிவில் நிற்கிறான். தூணெங்கும் வாதவூரர் நினைவு நிறைந்திருக்கிறது. வந்தியைக் காண மதுரைக்குச் செல்லவேண்டும். ஆவணி மூலத் திருவிழாவில் மாணிக்கவாசகர் திருவாதவூரிலிருந்து மதுரைக்கு எழுந்தருள, புட்டுத்தோப்பில் சுந்தரேசர் மண் சுமக்கிறார்.